குழந்தைகளில் கன்றல் காயம்

கன்றல் காயம் என்பது அடி, மோதல், அழுத்தம் முதலியவற்றால் தோல் கிழியாமலேயே அதன் அடியிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் சிதைந்து, அவற்றினின்று வெளியேறும் குருதி சுற்றியுள்ள இழையங்களில் பரவுவதால் உண்டாகும் நிறமாற்றமும் வீக்கமும் ஆகும். பேச்சு வழக்கில் இது இரத்தக்கட்டு எனப்படும். வெளியே புண் தெரியாததால் ஊமைக்காயம் என்ற பெயரும் உண்டு. இலங்கையில் கண்டல் காயம் என்பது பெருவழக்கு.

நடக்கவும் ஓடவும் தொடங்கிய குழந்தைகளிடம் கன்றல் காயம் மிகப் பொதுவானது. பெரும்பாலானவை எந்த மருந்துமின்றி ஏறத்தாழ இரண்டு வாரங்களில் மறைந்துவிடும். எனினும் குருதி உறைதல் தொடர்பான நோய்கள், குருதிப் புற்றுநோய், குழந்தை மீதான வன்முறை ஆகியவற்றின் முதல் அடையாளமாகவும் இது அமையக்கூடும். சாதாரணக் காயத்தையும் ஐயத்திற்குரிய காயத்தையும் பிரித்தறிவதற்குக் காயத்தின் நிறத்தைவிடக் குழந்தையின் வயதும் காயம் அமைந்த இடமுமே கூடுதலாக உதவுகின்றன.

தோன்றும் முறை

அடிபட்டவுடன் குருதித் தந்துகிகளிலிருந்து கசியும் குருதி தோலுக்கு அடியில் தேங்குகிறது. முதலில் சிவந்து காணப்படும் இடம் சில மணி நேரத்தில் நீலமாகவோ ஊதாவாகவோ மாறுகிறது. தேங்கிய சிவப்பணுக்களைப் பெருவிழுங்கிக் கலங்கள் உட்கொண்டு சிதைக்கும்போது, அவற்றிலுள்ள ஈமோகுளோபின் முதலில் பிலிவெர்டின் என்னும் பச்சை நிறப் பொருளாகவும், பின்னர் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறுகிறது. பிரிந்த இரும்பு ஈமோசிடெரின் என்ற பழுப்புப் பொருளாகச் சில காலம் தங்கும். மஞ்சள் காமாலையில் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குவதும் இதே பிலிருபினே. பிறப்பின்போது தலையில் பெரிய இரத்தக்கட்டு ஏற்பட்ட பச்சிளங்குழந்தைக்குக் காமாலை கூடுதலாக வருவதற்கு இதுவே காரணம்.

கசிந்த குருதி ஓரிடத்தில் நிற்பதில்லை. புவியீர்ப்பால் கீழ்நோக்கி இறங்கும். நெற்றியில் புடைப்பு ஏற்பட்ட குழந்தைக்கு இரண்டொரு நாள் கழித்துக் கண்ணிமை கறுத்து வீங்குவதைக் கண்டு, மறுபடியும் எங்கோ விழுந்துவிட்டது எனப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் அது நெற்றியிலிருந்து வழிந்து இறங்கிய பழைய குருதியே ஆகும்.

நிறத்தைக் கொண்டு நாள் கணித்தல்

காயத்தின் நிறத்தைப் பார்த்து அது எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடலாம் என்ற கருத்து மருத்துவ நூல்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலம் நிலவியது. சிவப்பு முதல் நாள், நீலம் மூன்றாம் நாள், பச்சை ஐந்தாம் நாள் என்பது போன்ற அட்டவணைகளும் வழங்கின. இக்கருத்து இன்று கைவிடப்பட்டுள்ளது. 1991 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, மஞ்சள் நிறம் காணப்படும் காயம் 18 மணி நேரத்துக்குள் ஏற்பட்டதாக இருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த அளவுகூட உறுதியாக நிற்கவில்லை. குழந்தைகளின் காயங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து வேல்சு நாட்டின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட மீளாய்வு, நிறத்தைக் கொண்டு காயத்தின் வயதைக் கணிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என முடிவு செய்தது. ஒரே நாளில், ஒரே குழந்தைக்கு ஏற்பட்ட இரு காயங்கள் வெவ்வேறு நிறத்தில் இருப்பதும் இயல்பே. எனவே வெவ்வேறு நிறக் காயங்கள் உள்ளன என்பதால் மட்டும் குழந்தை பலமுறை அடிபட்டது எனக் கொள்ள இயலாது.

இந்த நிறப் படிநிலைகள் பெரும்பாலும் வெளிர்ந்த தோலை வைத்து எழுதப்பட்டவை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பும் பச்சையும் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றே கருமையான திட்டாக மட்டும் காயம் தெரியும், சில வேளை தெரியாமலும் போகும். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு கையாலும் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் இரு பக்கக் கை கால்களையும் ஒப்பிட்டு, புறங்கையால் வெப்பத்தையும் விரல் நுனியால் தடிப்பையும் அறியலாம். தொட்டவுடன் குழந்தை முகம் சுளிப்பதோ உறுப்பை இழுத்துக்கொள்வதோ நிறத்தைவிட நம்பகமான அடையாளமாகும்.

இயல்பான காயங்கள்

கன்றல் காயம் குழந்தையின் இயக்க வளர்ச்சியோடு சேர்ந்தே தோன்றுகிறது. அமெரிக்காவில் நவோமி சுகரும் அவருடைய குழுவினரும் 973 குழந்தைகளைப் பார்வையிட்டு 1999 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. ஆறு மாதத்திற்குக் குறைந்த 366 குழந்தைகளில் இருவரிடம் மட்டுமே கன்றல் காயம் இருந்தது. பொருள்களைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பருவத்தினரில் 17.8 விழுக்காட்டினரிடமும், தாமாக நடப்போரில் 51.9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அதாவது நடக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேரின் உடலில் எந்நேரமும் ஏதேனும் ஒரு கன்றல் இருக்கிறது.

இவை அமையும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றே. முழங்கால், கணைக்காலின் முன்பக்கம், நெற்றி ஆகியவை முதன்மையானவை. முன்னோக்கி ஓடும் குழந்தை முன்னோக்கியே விழுகிறது. தோலுக்குச் சற்றுக் கீழே எலும்பு உள்ள இடங்களே தரையிலும் கட்டில் விளிம்பிலும் மோதுகின்றன. ஏழு வயதுச் சிறுவனின் கணைக்காலில் நான்கைந்து திட்டுகள் இருப்பது விளையாட்டின் அடையாளமேயன்றி நோயன்று.

ஐயத்திற்குரிய இடங்கள்

வயிறு, முதுகு, பிட்டம், காது, கழுத்து, கன்னத்தின் சதைப்பகுதி ஆகியவை விழும்போது எளிதில் அடிபடாதவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மேரி கிளைடு பியர்சு தலைமையிலான குழு 2010 இல் டென்-4 என்னும் விதியை முன்வைத்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடற்பகுதி, காது, கழுத்து ஆகியவற்றில் காணப்படும் கன்றலும், நான்கு மாதம் நிறையாத குழந்தையின் உடலில் எங்கு காணப்படும் கன்றலும் தக்க விளக்கமின்றி விடப்படலாகாது என்பது இதன் சாரம். 2021 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து இவ்விதி விரிவுபடுத்தப்பட்டது. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய மடிப்பு, தாடைக் கோணம், கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை, விழியின் வெண்பகுதி ஆகிய இடங்களும், விரல், பிரம்பு, வார் போன்றவற்றின் அச்சாகப் பதிந்த காயங்களும் சேர்க்கப்பட்டன. வன்கொடுமைக் காயங்களில் 95 விழுக்காட்டை இவ்விதி சுட்டிக் காட்டியது. எனினும் இது மருத்துவ ஆய்வு வேண்டும் என்பதற்கான விதியே. யாரையும் குற்றவாளியாக்கும் விதியன்று. இதே இடங்களில் நோயாலும் கன்றல் தோன்றக்கூடும்.

கன்றல் போலத் தோன்றுபவை

தமிழ்க் குழந்தைகளிடம் மிகுதியாகத் தவறாகக் கருதப்படுவது மங்கோலியப் புள்ளி எனப்படும் பிறவித் திட்டு ஆகும். செருமானிய மருத்துவர் எர்வின் பெல்சு 1885 இல் சப்பானில் இதனை விவரித்து இப்பெயரிட்டார். பெயர் பொருத்தமற்றது, இது ஆசிய, ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலரிடமும் உள்ளது. இடுப்பின் பின்புறத்திலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்கும்; வலியோ வீக்கமோ இராது. கன்றல் நாளுக்கு நாள் நிறம் மாறும், இது மாறாமல் சில ஆண்டுகளில் மெல்ல மங்கும். குழந்தை பிறந்தபோதே மருத்துவக் குறிப்பேட்டில் இதனைப் பதிந்து வைப்பது பிற்காலத்தில் வீண் ஐயங்களைத் தவிர்க்கும்.

எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் காயும்போது பழுப்புத் திட்டுகள் தோன்றும். சாறு படிந்த கையால் குழந்தையைத் தூக்கியிருந்தால் அவை விரல் அச்சுப் போலவே அமையும். சேராங்கொட்டையின் பால் பட்ட இடமும் கறுத்துக் கன்றல் போலத் தெரியும், ஆனால் அங்கு அரிப்பும் கொப்புளமும் இருக்கும். பொய்க்காயம் உண்டாக்க இக்கொட்டை பயன்படுத்தப்படுவதை இந்தியச் சட்ட மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. சாயம் போகும் புதுத்துணியின் நீலக்கறை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

அடிபட்டவுடன் செய்யத்தக்கது குளிர் ஒத்தடமே. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒருமுறைக்குப் பத்து நிமிடம் அளவில் வைத்தெடுக்க வேண்டும்; முதல் நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதனைத் திரும்பச் செய்யலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். குளிர்ச்சியால் குருதிக் குழாய்கள் சுருங்கிக் கசிவு குறைகிறது, வலியும் மட்டுப்படுகிறது. ஏற்கனவே கசிந்த குருதியை அது அகற்றாது. ஆகவே அழுது திமிறும் குழந்தையைப் பிடித்து வைத்துக் கட்டாயமாக ஒத்தடம் கொடுப்பதில் பெரும் பயன் ஏதுமில்லை.

கை கால் அடிபட்டிருந்தால் தலையணை மீது சற்று உயர்த்தி வைப்பது வீக்கத்தைக் குறைக்கும். இரண்டு நாள் கழிந்து வீக்கம் நின்ற பின்னர் இளஞ்சூட்டு ஒத்தடம் தேங்கிய குருதி விரைவில் உறிஞ்சப்பட உதவலாம். ஊசியால் குத்திக் குருதியை வெளியேற்றுவது கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும்.

வலி மிகுதியாக இருந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டு கணிக்கப்படுகிறது: ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இந்தியக் கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் நீர்மங்களின் செறிவு ஒன்றுபோல் இல்லை. 5 மில்லிலிட்டரில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும், 250 மில்லிகிராம் உள்ளதும், ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. பழைய புட்டியின் கணக்கில் புதிய புட்டியை ஊற்றுவதே இங்கு நேரும் பெரும்பிழை. ஆசுப்பிரின் தட்டணுக்களின் செயலைத் தடுத்துக் குருதிக் கசிவைக் கூட்டும். மேலும் 1963 இல் ஆத்திரேலிய மருத்துவர் டக்ளசு ரே விவரித்த, மூளையையும் ஈரலையும் தாக்கும் ரே நோய்க்கூட்டறிகுறியுடன் தொடர்புடையது. ஆகவே அது குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்கத்தக்கதன்று. காய்ச்சலும் கன்றலும் சேர்ந்திருக்கையில், குறிப்பாக டெங்கு பரவும் மழைக்காலத்தில், ஐபுபுரோஃபெனும் தவிர்க்கப்பட வேண்டும்.

நாட்டு வழக்கங்கள்

தமிழகத்தில் இரத்தக்கட்டுக்குப் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிய பற்று, மஞ்சள் பற்று, முட்டை வெண்கருவில் குழைத்த மூசாம்பரப் பற்று ஆகியவற்றை இடுவது பரவலான வழக்கம். பெரியவர்களின் சுளுக்குக்கு இவை எவ்வாறாயினும், குழந்தையின் மெல்லிய தோலில் சூடான புளிப்பற்று எளிதில் கொப்புளம் உண்டாக்கும். மஞ்சளும் மூசாம்பரமும் தோலில் கறை ஏற்றுவதால், காயம் பரவுகிறதா மங்குகிறதா என்பதை மறுநாள் மருத்துவரால்கூடக் கண்டறிய முடியாமல் போகிறது. கற்பூரம் கலந்த தைலங்கள் சிறு குழந்தைகளுக்கு நச்சாகும். வாயில் பட்டால் வலிப்பு வரக்கூடும்.

இவை எல்லாவற்றினும் தீங்கானது உருவுதல். புடைத்த தலையை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதும், கன்றிய தொடையை எண்ணெயிட்டு நீவுவதும் அப்போதுதான் அடைபட்ட குழாய்களை மீண்டும் திறந்துவிடுகின்றன. தொடைத் தசையின் ஆழ்ந்த இரத்தக்கட்டு உருவப்பட்டால் அதனுள் சுண்ணாம்பு படிந்து எலும்பு போல் இறுகிவிடுவதுமுண்டு. அடியில் எலும்பு முறிந்திருந்தால் நேரும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

தலையிலும் வயிற்றிலும் படும் அடி

நெற்றிப் புடைப்பு பார்வைக்குப் பெரிதாயினும் பெரும்பாலும் தீங்கற்றது. தலையின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஏற்படும் மெத்தென்ற வீக்கம் மண்டையோட்டு முறிவைக் குறிக்கலாம். நினைவிழத்தல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிநீர் வடிதல், இவற்றில் ஒன்று இருப்பினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்த கைக்குழந்தையை அடையாளம் ஏதும் இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டுவது நன்று. இரு கண்களைச் சுற்றியும் ஒருசேரக் கறுப்பதும், காதின் பின்புறம் கன்றுவதும் மண்டையோட்டின் அடித்தளம் முறிந்ததன் அடையாளங்கள்.

மிதிவண்டியின் கைப்பிடி முனை வயிற்றில் குத்தும் காயம் தனியே குறிப்பிடத்தக்கது. வெளியே ஒரு நாணய அளவு வட்டமான கன்றல் மட்டுமே தெரியும். சில வேளை அதுவும் தெரியாது. முதுகெலும்புக்கும் கைப்பிடிக்கும் இடையே நசுங்கிய கணையமும் முன்சிறுகுடலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வயிற்றுவலியாகவும் வாந்தியாகவும் தம் சேதத்தை வெளிக்காட்டும். வண்டியோடு விழுந்ததை ஏச்சுக்கு அஞ்சிச் சிறுவர்கள் மறைப்பதும் வழக்கம். ஆகவே வயிற்றில் தெரியும் கன்றல் எத்துணைச் சிறிதாயினும் வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கதன்று.

நோயின் அறிகுறியாகக் கன்றல்

அடிபடாமலேயே தோன்றும் கன்றல்கள், அடியின் வலிமைக்குப் பொருந்தாத பெரிய கன்றல்கள், குண்டூசித் தலை அளவிலான செம்புள்ளிகளோடு சேர்ந்தவை, மூக்கிலும் ஈறிலும் குருதி வருதலுடன் சேர்ந்தவை ஆகியவற்றுக்குக் குருதிப் பரிசோதனை தேவை. ஒரு கண்ணாடிக் குவளையின் பக்கத்தைத் தோலில் அழுத்திப் பார்த்தால், சாதாரணத் தடிப்பு வெளுத்து மறையும். குருதிக் கசிவால் வந்த புள்ளி மறையாது. காய்ச்சலோடு இத்தகைய மறையாத புள்ளிகள் விரைந்து பரவுவது மூளையுறைத் தொற்று, டெங்கு போன்றவற்றின் அறிகுறியாதலால் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு இடராகும்.

நலமாக ஓடியாடும் இரண்டு முதல் ஆறு வயதுக் குழந்தையின் உடலெங்கும் திடீரெனக் கன்றல்களும் செம்புள்ளிகளும் தோன்றுவது பெரும்பாலும் நோயெதிர்ப்பு வழித் தட்டணுக் குறைவாகும். சளிக்காய்ச்சல் போன்ற தீநுண்மத் தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து இது வரும். ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாதிருக்க வேண்டிய தட்டணுக்கள் பலரிடம் இருபதாயிரத்துக்கும் கீழே இறங்கும். எண்ணிக்கை அச்சமூட்டினும் பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தாமாகவே தேறிவிடுகின்றனர். கன்றலோடு வெளிறல், நீடித்த காய்ச்சல், எலும்பு வலி, நெறி கட்டுதல் ஆகியன சேர்ந்தால் குருதிப் புற்றுநோயை முதலில் ஆராய வேண்டும்.

தவழத் தொடங்கிய ஆண் குழந்தையின் மார்பிலும் முழங்காலிலும் கட்டி கட்டியாகக் கன்றல் தோன்றுவது, தடுப்பூசி இட்ட தொடை பெரிதாக வீங்குவது ஆகியவை ஈமோஃபீலியா நோயில் காணப்படும். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண் பிறப்புகளுக்கு ஒருவருக்கு ஈமோஃபீலியா ஏ உண்டாகிறது. மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திராது. நெருங்கிய உறவில் மணம் முடித்த பெற்றோரின் குழந்தைகளில், ஆண் பெண் வேறுபாடின்றி, கிளான்சுமான் நோய் போன்ற அரிய குறைபாடுகளும் தோன்றக்கூடும். இந்நோயில் தட்டணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும், செயல் மட்டுமே குன்றியிருக்கும். ஆதலால் எண்ணிக்கை சரியாக உள்ளது என்ற ஒரே முடிவோடு ஆராய்ச்சியை நிறுத்திவிடலாகாது.

இரண்டு காரணங்கள் ஊர்ப்புறங்களில் கவனிக்கப்படாமல் போகின்றன. முள் குத்தியது என்று குழந்தை சொல்லும் காலில் வீக்கமும் கருநீலமும் வேகமாக ஏறினால் அது விரியன் கடியாக இருக்கலாம். பனிக்கட்டி வைப்பதும் இறுகக் கட்டுவதும் கேடாகும், பாம்புக்கடி நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனையே தீர்வு. உறைவு எதிர்ப்பு வகையைச் சேர்ந்த எலி மருந்துக் கட்டியைத் தின்ற குழந்தைக்கு உடனே எதுவும் தெரியாது. சில நாள் கழித்தே கன்றல்களும் குருதிக் கசிவும் தொடங்கும். அதற்குள் தின்ற செய்தி மறந்துபோயிருக்கும்.

வன்முறையின் அடையாளமாகக் கன்றல்

அமெரிக்க மருத்துவர் என்றி கெம்பும் உடனிருந்தோரும் 1962 இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே, குழந்தையின் காயத்துக்குப் பராமரிப்போரே காரணமாக இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் வெளிப்படையாக ஏற்றது. சொல்லப்படும் கதை காயத்தோடு பொருந்தாமை, கேட்கும்போதெல்லாம் கதை மாறுதல், காட்டாமல் நாள் கடத்துதல் ஆகியவை கவனிக்க வேண்டியவை. கைக்குழந்தையின் கன்னத்தில் காணப்படும் ஒரு சிறு கன்றல் மருத்துவம் தேவைப்படாதது. ஆனால் பின்னர் நேரும் எலும்பு முறிவுக்கும் மூளைக் காயத்துக்கும் முன்னறிவிப்பாக அது அமைந்த நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. அதனைச் சிறியது எனத் தள்ளிவிடாமல் இருப்பதே முக்கியம்.

பள்ளியில் அடித்தலும் இதில் அடங்கும். இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு மாணவரை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. பராமரிப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. பிரம்பு அல்லது அளவுகோல் அடி தோலில் இரண்டு இணைகோடுகளாகப் பதிந்து நடுவில் வெளுத்திருக்கும். அடித்த பொருளின் நேர்கீழே குருதி அழுத்தி விலக்கப்பட்டு, இரு விளிம்புகளிலும் குழாய்கள் கிழிவதே இதன் காரணம். ஓரிரு நாளில் இக்கோடுகள் கலைந்துவிடும் என்பதால், பற்றும் எண்ணெயும் இடுவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒளிப்படம் எடுத்துத் தேதியைக் குறித்து வைப்பது பின்னர் மருத்துவருக்கும் அதிகாரிகளுக்கும் உதவும். உதவி கோர இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் உள்ளன. குழந்தை தானேயும் இவற்றில் பேசலாம்.